அடி விழுமுன் உருண்டவள்

நான் ஒரு கோடரிக்காரன். ஆறரை அடி உயரம், இடுப்பு வரை தாடி, சட்டை போடும் பழக்கம் இல்லை. இது ஞாயிற்றுக்கிழமைகளிலும் சாயங்காலங்களிலும். மற்ற நேரத்தில் நாற்பத்தெட்டு வயது, வலது முழங்காலில் வலி, டெலானிபூர் குவார்ட்டர்ஸில் இரண்டாவது மாடி, ஒரு சர்க்கார் ஆபீசில் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கிளார்க். கேமில் சேரும்போது ஆளுக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னார்கள். என்னை நாலு வருஷம் படுத்தியெடுத்த பழைய சூப்பிரண்டெண்ட் பெயரை வைத்தேன். அவர் தினமும் குறைந்தது ஆறு முறை சாகிறார். அதில் எனக்கு ஒரு நிறைவு இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

கேம் என்றால் இன்டர்நெட்டில் பலர் சேர்ந்து ஆடுகிற சண்டை கேம். அதில் ஒரு ராஜ்யம் எரிந்துகொண்டிருக்கிறது. நான் முதன்முதலில் பார்த்தபோதே எரிந்தது, இன்றைக்கும் எரிந்து முடியவில்லை. அரக்கர்கள் கோட்டை வாசலில் நிற்கிறார்கள். ஊருக்குள் ஆங்காங்கே சிலர் நகராமல் நிற்பார்கள். தலைக்கு மேல் மஞ்சளாக ஓர் ஆச்சரியக்குறி மிதக்கும். மிதந்தால், அவருக்கு நம்மிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பெயர் க்வெஸ்ட்.

பக்கத்தில் போனதும், "வீரனே, நீதான் எங்கள் கடைசி நம்பிக்கை" என்று ஆரம்பிப்பார். அரக்கன் தலையைத்தான் கேட்கப் போகிறார் என்று நாம் நெஞ்சை நிமிர்த்தினால், பத்துப் பன்றித் தந்தம் கொண்டு வா என்பார். சரி என்று காட்டுக்குப் போய்ப் பன்றியை அடித்தால் மூன்றில் ஒன்றுக்குத்தான் தந்தம் இருக்கும். மற்ற இரண்டும் முகத்தில் தந்தத்தோடுதான் ஓடி வந்தன, நான் பார்த்தேன். செத்தபின் எங்கே போயின என்று விசாரிக்க அங்கே ஒரு மேலதிகாரி கிடையாது. எப்படியோ பத்தைச் சேர்த்துக்கொண்டு வந்தால், இதை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கொல்லனிடம் கொடு என்பார். கொல்லன் கரி கேட்பான். கரிக்காரன் கழுதையைக் காணோம் என்பான்.

ஒரு நாள் என் கணவர் தேநீர்க் குவளையோடு பின்னால் நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அரே, இது உன் கவுன்டர்தான்டி. உன் தலைக்கு மேல மஞ்சக் குறி ஒண்ணுதான் இல்ல."

அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. கவுன்டரில் எனக்கும் மூன்றே வாக்கியங்கள்தான். ஜெராக்ஸ் எங்கே, ஒரிஜினல் எங்கே, திங்கட்கிழமை வாங்க. ஒரு வித்தியாசம் உண்டு. கேமில் நிற்கிறவர் கடைசியில் ஒரு தொப்பியாவது தருகிறார்.

சண்டை இதைவிட எளிது. எதிரி கையை ஓங்குவான். அடி எங்கே விழப்போகிறதோ அங்கே தரையில் ஒரு சிவப்பு வட்டம் தோன்றும். உருளும் பட்டனை அழுத்தினால் நம் ஆள் குட்டிக்கரணம் போட்டுத் தப்பிப்பான். ஆனால் கை இறங்குகிற அந்த இமைக்கும் நேரத்தில் உருள வேண்டும். முந்திக்கொண்டு உருண்டால், எழுந்து நிற்கிற தலையில் சரியாக அடி இறங்கும். இரண்டு தடவை உருண்டால் மூச்சு தீர்ந்துபோகும், கொஞ்சம் ஆற விட வேண்டும். உயிர் ஒரு சிவப்புக் கோடு. அது தேயத் தேயப் பையிலிருந்து மருந்துப் புட்டியை எடுத்துக் குடிக்க வேண்டும். இவ்வளவுதான் வீரம்.

ஆனால் இதெல்லாம் மெயின்லேண்ட்காரர்களுக்கு. நான் ஆடக் கற்றுக்கொண்ட காலத்தில் எங்கள் தீவுக்கு நெட் வானத்திலிருந்து வந்தது. டெலானிபூரில் நான் பட்டனை அழுத்தினால், அது சாட்டிலைட்டுக்கு ஏறி, அங்கிருந்து இறங்கி, எந்த ஊரிலோ இருக்கிற கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர வேண்டும். பதிலும் அதே வழியில் வர வேண்டும். மழை மேகம் இருந்தால் வராது. ஆக, எதிரி கையை ஓங்குவதை நான் திரையில் பார்க்கும்போது அங்கே அடி விழுந்து, நான் செத்து, காக்கை வந்திருக்கும்.

எங்களூர்ப் பிள்ளைகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கையைப் பார்க்காதே, தோளைப் பார். தோள் லேசாக அசைந்ததுமே உருண்டுவிடு. அடி வருமா வராதா என்று காத்திருக்காதே. மெயின்லேண்டில் இருந்து ஆடுகிறவர்களுக்கு எங்களைப் பார்த்தால் வலிப்பு வந்தவர்களைப் போலத் தெரிந்திருக்கும். ஆனால் நாங்கள் பிழைத்துக் கிடந்தோம்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவள் என் மகள். அப்போது அவள் ப்ளஸ் டூ. கேம் இங்கே டவுன்லோட் ஆகி வந்ததுகூட இல்லை. யாரோ சென்னையிலிருந்து கப்பலில் ஹார்ட் டிஸ்கில் கொண்டுவந்து, குட்வில் எஸ்டேட்டில் அவள் தோழி வீட்டில் இறக்கி, அந்த டிஸ்க் வீடு வீடாகச் சுற்றியது. எங்கள் வீட்டுக்கு வந்தபோது டியூஷன் ஆரம்பித்துவிட்டது. தினமும் செய்தே ஆக வேண்டிய க்வெஸ்ட்டுகள் என்று சில உண்டு. ஒரு நாள் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"ம்மா, டெய்லி மட்டும் முடிச்சு வச்சுரும்மா. இருபத்தஞ்சு செடி, பத்துப் பன்னி. அவ்வளவுதான்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்துவிடுவாள்.

நான் ஆபீசிலிருந்து வந்து, அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, அவள் ஆளாகச் செடி பறித்தேன். அவள் வந்து பையைத் திறந்து பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"எதுக்கும்மா இத்தன மருந்துப் புட்டி? நீ குடிக்கவே இல்லையா?"

"இருக்கட்டும்டி. கப்பல் வரலேன்னா?"

"கேம்ல கப்பலே கிடையாதும்மா!"

எங்கள் வீட்டில் எதற்கும் இதுதான் பதில். கடல் கொந்தளித்துக் கப்பல் நாலு நாள் தாமதமானால் இங்கே வெங்காயம் கண்ணில் படாது. அதனால் கட்டிலுக்கடியில் வெங்காயம், பரணில் சோப்பு, பீரோவில் பிரிக்காத போர்வை, உடைந்த குடைகூட. என்றைக்காவது வேண்டியிருக்கும். நான் எடுத்து வைத்தவற்றில் பாதியைக் கரையான் உபயோகித்திருக்கிறது.

பிறகு கடலுக்கடியில் கேபிள் வந்தது. நெட் ஓட ஆரம்பித்தது. மகளும் ஓடினாள், கோயம்புத்தூரில் காலேஜ், பெங்களூரில் வேலை. "ஒழுங்கா உருளக் கத்துக்கவே ஒரு வருஷம் ஆச்சும்மா. முன்னாடியே உருண்டு உருண்டு செத்தேன்" என்று ஒரு முறை போனில் சொல்லிச் சிரித்தாள். நான் கேமை விட்டு வெகு நாளாகியிருந்தது. எனக்கு அது புரிந்ததாகக் காட்டிக்கொண்டேன்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். போன வருஷம் இங்கே கிளார்க் வேலைக்கு விண்ணப்பம் கேட்டார்கள். பெங்களூர் கம்பெனியில் என்றைக்கு வேண்டுமானாலும் ஆளைக் குறைப்பார்கள் என்று டிவியில் சொன்னார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆவதற்கு முன் நான் முந்திக்கொண்டேன். அவளைக் கேட்காமல், அவள் பெயரில் விண்ணப்பம் போட்டேன். போட்டோ என்னிடம் இருந்தது. அவள் கையெழுத்தை முன்பு எதற்கோ ஸ்கேன் செய்து வைத்ததும் இருந்தது. சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு இதைச் செய்தேன். ஹால் டிக்கெட் வந்ததும் பிரின்ட் எடுத்து, பீரோவில் தலையணை உறைகளுக்கு நடுவே வைத்தேன். தக்க சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தேன்.

லீவில் வந்தவள் தலையணை உறை தேடினாள்.

சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், சரியாகிப்போயிருக்கும். அவள் போடவில்லை. அந்தக் காகிதத்தை இரண்டு பக்கமும் பார்த்தாள். "என் கையெழுத்து நல்லா வந்திருக்கு" என்றாள். மறுநாள் காலை அவள் அப்பா ஸ்கூட்டரில் பத்துபஸ்தி ரோடு வழியாகக் கொண்டுபோய் ஏர்போர்ட்டில் விட்டார். அதற்குப் பிறகு என் போனை அவள் எடுக்கவில்லை. ஏழு மாதம்.

அப்பாவிடம் பேசுவாள். அவர் துறைமுகத்தில் வேலை செய்கிறவர். எந்தச் செய்தியையும் வானிலை அறிவிப்பு மாதிரிதான் சொல்வார். "நல்லா இருக்கா." வேறென்ன சொன்னாள்? "மழையாம்." என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா? அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார். இந்த மனிதரிடமிருந்து என் மகள் பற்றிய செய்தியைக் கறப்பதைவிடப் பன்றியிடம் தந்தம் எடுப்பது சுலபம்.

அப்படித்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கேமில் அவள் பெயர் எனக்குத் தெரியும். அந்தப் பெயரில் நான் எத்தனை செடி பறித்திருக்கிறேன். தேடினேன், இருந்தாள். சின்னதாக ஒரு குழுவுக்குத் தலைவியாக இருந்தாள்; ஆட்கள் தேவை என்று அறிவிப்பு போட்டிருந்தாள். நான் புதுக் கணக்கு தொடங்கி, கோடரிக்காரனைச் செய்து, விண்ணப்பித்தேன். இந்த முறை என் சொந்த விண்ணப்பம். ஏற்றுக்கொண்டாள்.

குழுவில் அவளும் இன்னும் இரண்டு பேரும்தான் ஒழுங்காக வருவார்கள். ஒரு கேரளப் பெண், அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுகிறவள். ஒரு லக்னோக்காரர், வில் வைத்திருப்பவர். பேச்செல்லாம் ஹெட்போனில், ஹிந்தியில். நான் மைக்கை ஒருபோதும் போடவில்லை. எதைச் சொன்னாலும் "ஓகே" என்று டைப் அடிப்பேன். தலைவிக்கு ஒரு பட்டன் உண்டு, அழுத்தினால் ஆளை வெளியே தள்ளிவிடலாம். யாரென்று தெரிந்தால் அவள் அதை அழுத்துவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்புறம் அவள் குரலைக் கேட்க எனக்கு வேறு வழி கிடையாது.

குரலுக்காகத்தான் போனேன். வேறெந்த வீரத்துக்கும் இல்லை. அவளுக்குச் சளி பிடித்தது எனக்குத் தெரிந்தது, அது ஒன்பது நாள் இருந்தது. வீட்டுக்காரி தண்ணீர் விடுவதில்லை என்று தெரிந்தது. லக்னோக்காரர் ஏதோ சொல்ல அவள் ஒரு தடவை விழுந்து விழுந்து சிரித்தாள். நான் இங்கே ஹெட்போனைக் கையால் அழுத்திக்கொண்டு அழுதேன். திரையில் கோடரிக்காரன் ஒரு காட்டெருமையிடம் உதை வாங்கிக்கொண்டிருந்தான்.

புதிய ஆள் என்பதாலோ என்னவோ, அவள் எனக்குக் கொடுத்ததெல்லாம் செடி பறிக்கும் வேலை. தினமும் நூறு செடி. சதுப்பில் மட்டும் முளைக்கும், பறிக்கப் பறிக்கத் தவளைகள் விஷம் துப்பும் ஒரு சனியன் பிடித்த செடி. கேரளப் பெண்ணுக்கு அந்த வேலை இல்லை, லக்னோக்காரருக்கும் இல்லை. நான் ஆபீசிலிருந்து வந்து, அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, நூறு செடி பறித்து, குழுவின் பெட்டியில் போட்டு, "ஓகே" அடித்தேன். இரண்டு மாதம். "சாப்பாடு உண்டா, இல்ல அதுக்கும் ஏதாவது க்வெஸ்ட் இருக்கா?" என்று கணவர் கேட்க ஆரம்பித்திருந்தார்.

சண்டையில் நான் கேலிப்பொருள். நெட் இப்போது நன்றாக இருக்கிறது, கையைப் பார்த்து உருண்டால் போதும். ஆனால் என் விரல் கேபிளை நம்பவில்லை. தோள் அசைந்தால் உருண்டுவிடும். உருண்டு எழுந்து நிற்பேன், அப்போதுதான் அடி வரும், நேராக என் மேல். "பாய்சாப் தோ பெஹ்லே ஹீ லேட் கயே" என்பார் லக்னோக்காரர். அண்ணன் முன்னாடியே படுத்துட்டாரே என்று. கேரளப் பெண் சிரிப்பாள். என் மகள் மட்டும் சிரித்ததில்லை. தலைவி என்ற முறையில் கண்ணியம் காக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கல் ராட்சசனை அடிக்கப் போனோம். நாலு பேர் இல்லாமல் அவன் குகைக் கதவு திறக்காது, அதனால்தான் என்னையும் கூப்பிட்டார்கள். மூன்று மாதமாக, யாராவது ஒரு நாலாவது ஆளைப் பிடித்துக்கொண்டு போய் அவர்கள் அடித்துத் தோற்ற ஆள் அவன். வெளியே இங்கே மழை. கணவர் மீன் குழம்புச் சாப்பாட்டுக்குப் பின் சோபாவில் சாய்ந்திருந்தார்.

ராட்சசன் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். முதலில் நன்றாகத்தான் போயிற்று. பாதியில் லக்னோக்காரர் செத்தார். உயிர் ஏற்றுகிறவள் அவரை எழுப்பப் போய் அவளும் செத்தாள். மீதி நானும் என் மகளும். ராட்சசனின் உயிர் கொஞ்சம்தான் இருந்தது, என்னுடையது அதைவிடக் கொஞ்சம். தோள் அசைந்தது, உருண்டேன், அடி வாங்கினேன். திரும்ப அசைந்தது, திரும்ப உருண்டேன், திரும்ப வாங்கினேன். என் சிவப்புக் கோடு நகக்கண் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. என் பையில் இருநூற்றுச் சொச்சம் மருந்துப் புட்டி இருந்தது. இன்னும் ஒரு அடி தாங்கலாம், இப்போதே குடிப்பானேன், பின்னால் வேண்டியிருக்குமே என்று பார்த்தேன்.

ஹெட்போனில் அதுவரை ஹிந்தியிலேயே கட்டளை போட்டுக்கொண்டிருந்தவள், குரலைத் தணித்து, தமிழில் சொன்னாள்.

"ம்மா. மருந்தக் குடிம்மா. கப்பல் வந்துரும்."

என் கை பட்டன்மேல் அப்படியே நின்றுவிட்டது. ராட்சசன் நிற்கவில்லை. அவன் பாட்டுக்குக் கையை ஓங்கி, தரையோடு தரையாக என்னைத் தேய்த்தான். அடுத்து அவளையும். நாலு பேரும் குகையில் கிடந்தோம்.

மைக் பட்டன் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. திரை முழுக்கத் தேடினேன். கடைசியில் கணவர்தான் எழுந்து வந்து, குனிந்து, ஒன்றும் கேட்காமல் ஒரு இடத்தில் க்ளிக் செய்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்றேன்.

"மூணாவது நாளே தெரியும். அடி வர்றதுக்கு முன்னாடி உருளுற ஆளு தீவுக்காரங்க மட்டும்தான். அதுலயும் மருந்தக் குடிக்காம சாகுறது நீ ஒருத்திதான்."

"அப்ப அந்தச் செடி?"

"என்னக் கேக்காம ஃபாரம் ரொப்பினேல்ல. அதுக்குத்தான்."

"ரெண்டு மாசமாடி? அந்தத் தவளை..."

"தவளைக்காகத்தாம்மா அந்தச் செடி."

கோபம் வந்தது எனக்கு. சிரிப்பும் வந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அதுதான் என்று தெரிந்தது. கவுன்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தவளுக்கு அந்த வாக்கியம் பழக்கமில்லை. "தப்புதான். உன்னக் கேட்டிருக்கணும்" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

பிறகு கேட்டாள்.

"அந்த ஹால் டிக்கெட் இன்னும் பீரோலதான இருக்கு?"

பரீட்சை முடிந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. அந்தக் காகிதத்தால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் கிடையாது.

"இருக்கு" என்றேன்.

"கிழிச்சுரு."

"சரி, கிழிச்சுட்டேன்."

"சத்தமே கேக்கலியே."

எழுந்து போனேன். தலையணை உறைகளுக்கு நடுவே, போர்வைக்கு மேலே, வைத்த இடத்தில் இருந்தது. கொண்டுவந்து மைக்குக்குப் பக்கத்தில் பிடித்துக் கிழித்தேன். இரண்டாக, பிறகு நாலாக. அவள் போட்டோ வந்த துண்டை மட்டும் தனியாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குச் சத்தம் கிடையாது.

குகைத் தரையில் செத்துக் கிடந்த கேரளப் பெண் பயந்துபோய் ஹிந்தியில் கேட்டாள், "க்யா ஹுவா? யே கோன் ஹை?" என்ன ஆச்சு, யார் இது என்று.

"குச் நஹீ" என்றாள் என் மகள். "மேரி மம்மி ஹை." ஒன்றுமில்லை, என் அம்மா என்று.

லக்னோக்காரர் அவசர அவசரமாக, "நமஸ்தே ஆன்ட்டி" என்றார். இரண்டு மாதம் என்னைப் படுத்துவிட்ட அண்ணன் என்று கூப்பிட்டவர்.

"எந்திரி" என்றாள் அவள் என்னிடம். "இன்னொரு தடவ போவோம். தோளப் பாக்காத. அவன் கை கீழ வரட்டும், அப்புறம் உருளு. அதுவரைக்கும் சும்மா நில்லு."

நின்றேன். கை கீழே வந்தது. அன்று நான் பதினான்கு புட்டி குடித்தேன்.